நூற்றி நாலு திங்கட்கிழமை

நான் மட்டக்களப்பு, கல்லடி ஊர்ப் பிள்ளை. 2017 ஆகஸ்டில் இருந்து 2019 ஆகஸ்ட் வரை பிலிப்பைன்ஸில், லெய்டே தீவில், தக்லோபான் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஊழியக்காரனாக, அதாவது மிஷனரியாக இருந்தேன். சபை, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மோர்மன் என்றால் சிலருக்குச் சட்டென்று விளங்கும். அப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் நானும் அவரும் அங்கே சேர்ந்தோம். அம்மா இன்றைக்கும் மெதடிஸ்த ஆலயத்துக்குத்தான் போகிறார். அம்மம்மா சைவம்.

ஊழியத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும், அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அடிக்கடி கேட்கிறார்கள். எந்தச் சபை, எந்தச் சமயம் என்றாலும் பரவாயில்லை, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒரு கிழமை எப்படிப் போகும்?

தம்பி, கிழமை திங்களில்தான் தொடங்கும். திங்கள் எங்களுக்கு ஆயத்த நாள். உடுப்புத் துவைப்பது, சந்தைக்குப் போவது, தலைமுடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். பின்னேரம் ஆறு மணிக்கு மறுபடி வெள்ளைச் சேட், டை, பெயர் அட்டை என்று வெளியே இறங்கிவிட வேண்டும்.

மற்ற நாட்களில் காலை ஆறரைக்கு எழும்பி, அரை மணி நேரம் உடற்பயிற்சி, சாப்பாடு. அப்புறம் தனியாக வேதப் படிப்பு, கூட ஊழியம் செய்ய நியமித்த தோழனோடு சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு. பிறகு வீதிக்கு. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பி, மறுநாளைக்கு என்ன என்று எழுதி வைத்து, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். கிழமையில் ஒரு நாள் பக்கத்து ஊர் ஊழியக்காரரோடு கூட்டம். ஒரு நாள் முழுக் கிழமைக்கும் திட்டம் போடுவோம். ஞாயிறு ஆராதனை. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம்.

கேட்க இறுக்கமாக இருக்கும். எனக்கு அந்த இறுக்கம்தான் கைகொடுத்தது. பத்தொன்பது வயதில், யாரையும் தெரியாத ஊரில், அடுத்த மணி நேரம் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் மனம் அலையாது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: நாள் முழுக்கக் கதவு தட்டுவதுதானா வேலை?

கதவு தட்டுவது குறைவு. அங்கே பல வீடுகளுக்கு நம் ஊர் மாதிரிப் படலைதான். வாசலில் நின்று "ஆயோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். நாம் "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுகிறோமே, அதே மாதிரி. பெரும்பாலும் நாய்தான் முதலில் வரும். பாதிப் பேர் நேரமில்லை என்பார்கள். அதையும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

ஏற்கெனவே சபைக்கு வருகிறவர்களைப் போய்ப் பார்ப்பது, நோயாளியிடம் இருந்துவிட்டு வருவது, யாராவது வீடு கட்டினால் மண் சுமப்பது, நாற்று நடும் காலத்தில் வயலில் இறங்குவது, இவற்றுக்கும் நேரம் போகும். வயல் வேலையில் நான் யாருக்கும் பின்னால் நின்றதில்லை. மாமாவின் வயல் வெல்லாவெளிப் பக்கம். சின்ன வயதிலேயே சேற்றில் இறங்கிப் பழகியவன்.

ஏறாவூரிலிருந்து ஒரு ஐயா: நேரடியாகவே கேட்கிறேன். மதம் மாற்றுவதுதானே உங்கள் வேலை?

ஓம் ஐயா. நாங்கள் நம்புவதைச் சொல்லி, விரும்பினால் ஞானஸ்நானம் எடுங்கள் என்று அழைப்பதுதான் அந்த ஊழியம். அதை ஒளித்துப் பேசினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். பிலிப்பைன்ஸில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களிடமும் இதையே சொல்லித்தான் உள்ளே போனோம்.

நம் கரையில் இது ஏன் நோகும் என்று எனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு உதவிப் பொருளோடு மதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள் என்ற மனத்தாங்கல் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது நியாயமான கோபம். பசித்தவனிடம் அரிசியைக் காட்டிச் சமயம் கேட்பது பாவம் என்றே நினைக்கிறேன். எங்களுக்கு இருந்த விதி, வயது வராத பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கிடையாது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். போகும்போது அந்த வீட்டைப் பற்றி மனத்தில் கசப்பு வைக்காமல் போகப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நான் கிளம்பிய அன்று அம்மம்மா நெற்றியில் திருநீறு பூசி, "போயிற்று வா மனே" என்றார். விமான நிலையம் வரை அதை அழிக்கவில்லை.

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: தெரியாத மொழியை எப்படிப் பிடித்தீர்கள்?

தங்கச்சி, முதலில் மணிலாவில் பயிற்சி நிலையத்தில் சில கிழமை. பிறகு ஊரில் விழுந்து எழும்பித்தான். தக்லோபானில் வாராய் மொழி. தீவின் மற்றப் பக்கத்தில் செபுவானோ. தமிழ் தெரிந்தவனுக்கு அங்கே சில சொற்கள் திடுக்கிட வைக்கும். முருங்கைக்கு மலுங்காய் என்கிறார்கள். மாங்காய்க்கு மங்கா. அரிசி மாவில் அவிக்கும் ஒரு பலகாரத்துக்குப் பெயர் புத்தோ. பெயரைக் கேட்டதும் பிட்டும் சம்பலும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது சின்னச் சின்னதாக, வெள்ளையாக, இனிப்பாக ஒன்று.

முதல் ஆறு கிழமை நான் பேசியதைவிடத் தலையாட்டியதுதான் அதிகம். கிழவிகளிடம் போய் உட்காருங்கள், அதுதான் என் யோசனை. அவர்கள் மெதுவாகக் கதைப்பார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், பிழையைத் திருத்துவார்கள், கடைசியில் சாப்பாடும் தருவார்கள்.

செங்கலடியிலிருந்து: சாப்பாடு? தேத்தண்ணி இல்லாமல் எப்படி இருந்தீர்கள்?

மூன்று வேளையும் சோறு. மீன் தாராளம். முருங்கையிலைச் சாறு நம் வீட்டுச் சுவைக்குக் கிட்ட வரும், உறைப்பு மட்டும் இருக்காது. தேத்தண்ணி, கோப்பி இரண்டும் எங்கள் சபையில் குடிப்பதில்லை. அதை நான் ஊழியத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். ஊரில், வந்தவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கும் வீட்டில் வேண்டாம் என்று சொன்னதுதான் உண்மையில் கஷ்டமாக இருந்தது.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி: எந்த நேரமும் இன்னொருவர் கூடவே இருப்பாராமே? பிடிக்காவிட்டால்?

பிடிக்காத ஒருவர் நிச்சயம் வருவார் தம்பி. ஒருவரையொருவர் பார்க்கும், கேட்கும் தூரத்தில்தான் எப்போதும் இருக்க வேண்டும். ஆறு கிழமைக்கு ஒருமுறை மாற்றம் வரும். சில நேரம் நீங்கள் போவீர்கள், சில நேரம் அவர், சில நேரம் யாரும் இல்லை.

முதல் தோழன் அமெரிக்கப் பிள்ளை. வீட்டில் இயந்திரத்தில் துவைத்துப் பழகியவன். பெரிய பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் எப்படிக் குந்துவது என்றே தெரியாது. சேட்டின் கழுத்துப் பட்டியைப் பலகையில் விரித்து, சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்து, பிரஷ்ஷால் உள்ளே இருந்து வெளியே உரஞ்ச வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். வெளியே இருந்து உள்ளே உரஞ்சினால் கறுப்புக் கோடு மடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். கிணற்றடியில் அம்மா செய்வதைப் பார்த்துப் பழகியது.

மூன்றாவது தோழனோடுதான் சரிவரவில்லை. நாலு நாள் வேலைக்குத் தேவையான சொல் மட்டும்தான். கிழமைத் திட்டம் போடும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மற்றவரிடம் கண்ட நல்லதைச் சொல்ல வேண்டும், பிறகு மனத்தில் உறுத்துவதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் சொன்னான்: "நீ நடக்கும்போது உன் மொழியில் வாய்க்குள் ஏதோ சொல்கிறாய். என்னைத் திட்டுகிறாய் என்று நினைத்தேன்." நான் சொல்லிக்கொண்டு நடந்தது சின்ன வயதில் அம்மா சொல்லித் தந்த ஜெபம். அதை அவனுக்கு வரிவரியாக மொழிபெயர்த்தேன். அடுத்த மாற்றத்தில் அவன் போனபோது பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் அழுதோம். கலியாணம் கட்டிய பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த வழக்கத்தைவிடப் பெரிய பாடம் எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

காரைதீவிலிருந்து: சம்பளம்?

கிடையாது. குடும்பம் தன்னால் இயன்றதைக் கொடுக்கும். மீதியைச் சபையின் நிதி பார்த்துக்கொள்ளும். மாதச் செலவுக்கு அளந்த காசு கையில் வரும். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம்.

நாவற்குடாவிலிருந்து ஒரு அம்மா: மகன், பயமாக இருந்ததில்லையா? புயல் அடிக்கும் நாடாமே.

அம்மா, இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2013 நவம்பர் 8 அன்று தக்லோபானை ஹையான் புயல் அடித்தது. அங்கே யோலாண்டா என்பார்கள். காற்றைவிடக் கடல்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. புயலோடு கடல் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் சொன்ன ஆங்கிலச் சொல் பலருக்கு விளங்கவில்லை. நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அந்த நேரம் அங்கிருந்த எங்கள் சபை ஊழியக்காரர் எல்லோரும் உயிர் தப்பினார்கள். பிறகு அவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுபோனார்கள்.

நான் போனது நாலு வருடம் கழித்து. கரையோரம் ஒரு வீட்டில் நடுத்தர வயது அம்மா ஒருவர். மூன்று முறை போனோம், மூன்று முறையும் வாசலிலேயே நிறுத்திக் கதைத்து அனுப்பினார். நாலாம் முறை, உள்சுவரில் என் தோளுக்கு மேலே மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. தண்ணீர் நின்ற கோடு. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. 2004 டிசம்பர் 26, எனக்கு ஆறு வயது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். கடல் திரும்பிய பிறகு எங்கள் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றதைப் பார்த்தது நினைவிருக்கிறது. எனக்குத் தெரிந்த அரைகுறை வாராயில், "எங்கள் வீட்டுக்கும் கடல் வந்தது" என்று அந்தக் கோட்டில் கையை வைத்துச் சொன்னேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். அன்றைக்கு நாங்கள் வேதம் ஒன்றும் வாசிக்கவில்லை. தன் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். நான் என் சித்தியின் பெயரைச் சொன்னேன். அவர் சபைக்கு ஒருநாளும் வரவில்லை அம்மா. ஆனால் அந்தப் பக்கம் இருந்தவரை கிழமைக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பயம் வந்த நாள் வேறு. அது ஊரை நினைத்து வந்த பயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், மிஷன் தலைவர் அழைத்து, உடனே வீட்டுக்குக் கோல் எடு என்றார். மட்டக்களப்பு சியோன் ஆலயத்தில் குண்டு. பிள்ளைகள் உட்படப் பலர். அம்மா வேறு ஆலயத்தில் இருந்தார். லைன் கிடைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. என் தோழன் அவ்வளவு நேரமும் சாப்பிடாமல் பக்கத்திலேயே முழந்தாளில் நின்றான்.

மெதடிஸ்த மத்திய கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர்: எங்கள் கல்லூரியைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் காலத்து ஊழியத்துக்கும் உங்களுடையதற்கும் ஒப்பிட ஏதாவது உண்டா?

ஒப்பிடக் கூச்சமாக இருக்கிறது, சேர். அவர் கப்பலில் வரும் வழியிலேயே மனைவியை இழந்தார். அவரோடு கிளம்பிய மெதடிஸ்த ஊழியர் குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் 1814 மே மாதம் கடலிலேயே இறந்தார். மற்றவர்கள் யாழ்ப்பாணம், காலி, மாத்தறை என்று பிரிந்தபோது ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரல் 1 அன்று இங்கேயே இறந்தார். ஊரில் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. வீட்டிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்கு ஆகும் காலம். எனக்குத் திங்கள்தோறும் பதில் வந்தது, கூட எப்போதும் ஒரு தோழன் இருந்தான். தனியாக ஒருவரை அனுப்பக் கூடாது என்பதை அவர் கதையை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். உங்கள் சபைக்கும் எங்களுக்கும் போதனையில் வேறுபாடு உண்டு, அது சின்னதும் அல்ல. ஆனாலும் அவருடைய சிலையைக் கடந்து போகும்போது நான் சைக்கிளை மெதுவாக்குவேன்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா: என் மகள் அடுத்த மாதம் போகிறாள். கிழமைக்கு ஒருமுறை கதைக்கலாமாம். என்ன கதைப்பது? அழாமல் எப்படி இருப்பது?

அழுங்கள் அம்மா, பரவாயில்லை. "எப்ப வருவாய்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி அந்தப் பிள்ளையை மூன்று நாள் சுருட்டிப் போட்டுவிடும்.

நான் போன முதல் ஒன்றரை வருடம் வீட்டோடு கதைப்பது வருடத்துக்கு இரண்டு தரம்தான், நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பெப்ரவரியில்தான் கிழமைதோறும் கதைக்கலாம் என்று விதி மாறியது. அதுவரை மின்னஞ்சல். ஒரு பெசோ நாணயம் போட்டால் சில நிமிடம் ஓடும் கணினிக் கடைக்குப் போவோம். நாணயங்களை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, முதலில் அம்மாவின் கடிதத்தைத் திறப்பேன். தங்கச்சிதான் தட்டச்சு செய்து அனுப்புவாள், சொல் அம்மாவுடையது. கல்லடிப் பாலத்தில் இறால் என்ன விலை, பக்கத்து வளவு ஆடு எங்கள் வெண்டியைத் தின்றது, அம்மம்மாவின் முழங்காலுக்கு எந்த எண்ணெய், காற்றுக்கு முருங்கை முறிந்து விழுந்தது, விழுந்த கொப்பை வேலியோரம் நட்டாயிற்று. புத்திமதி ஒரு வரி இருக்காது. அதை வாசித்துவிட்டு வெளியே வந்தால் இன்னொரு கிழமை நடக்கத் தெம்பு இருக்கும்.

ஆகையால் மகளிடம் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். அவள் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள். மெலிந்து போனாய் என்று சொல்லாதீர்கள், வெயிலில் நடப்பவர் எல்லோரும் மெலிவார்கள். எந்த நாட்டுக்குப் போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நேர வித்தியாசத்தை இப்போதே கணக்குப் பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். சில இடங்களில் ஆயத்த நாள் திங்களாக இருக்காது, அதையும் அவளிடம் கேட்டு வையுங்கள். பொதியில் மிளகாய்த்தூள் இரண்டு மடங்கு வையுங்கள், கூட இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து.