இங்கிலீஷ்ல ஸ்ப்ளாட்டர்னா (splatter) என்னங்க அர்த்தம்? ஸ்ப்ளாஷும் (splash) அதுவும் ஒண்ணுதானா?

ஒண்ணில்லீங்க. மாரியம்மன் நோம்பி முடிஞ்சு மஞ்ச நீராட்டு அன்னைக்கு மாமன் மவன் மேல சொம்புத் தண்ணிய வீசுறோம் பாருங்க, அது ஸ்ப்ளாஷ். அதே எடத்துல கரைச்ச சாணிய வீசுனா (எங்கூர்ல ஒரு வருசம் நடந்துச்சு, ரெண்டு ஊட்டுக்கும் அப்பறம் நெம்ப நாளு பேச்சுவார்த்தையே இல்ல) அது ஸ்ப்ளாட்டர். தண்ணி காஞ்சா போச்சு, ஆனா இது சிதறிப் போய் அப்பிக்கும், தொடைக்கற வேலை நம்மளுது.

எனக்கு இந்த வார்த்தையக் கேட்டாலே கவுந்தப்பாடிப் பக்கம் அப்பச்சி ஊர்ல இருந்த கரும்பாலைதான் ஞாபகத்துக்கு வருது. கொப்பரையில சாறு தண்ணியாட்ட இருக்கற வரைக்கும் சும்மா பொங்கி நொரை தள்ளும், பாகு எறுக எறுகத்தான் வெனை, அடியில உண்டாகற ஆவி மேல வர வழியில்லாம முட்டிக்கிட்டு நின்னு பொளக்னு வெடிக்கும், ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு சொட்டுப் பாகு எங்கியாவது போய் ஒட்டும். "அக்கட்டால போ கண்ணு"ன்னு அப்பச்சி கத்தக் கத்தக் கிட்ட நின்னு முழங்கையில வாங்குன தழும்பு இன்னும் இருக்குதுங்க. ராகிக்களி கிண்டறவங்களக் கேட்டாலும் இதே கதையத்தான் சொல்லுவாங்க.

கடுகு தாளிக்கறப்ப எண்ணெய் பொடிப்பொடியா தெறிக்குதே, அதுக்கு ஸ்பாட்டர்னு (spatter) இன்னொண்ணு இருக்குது. கொலைக் கேஸ்ல ரத்தத் துளிய வெச்சு ஆராயறவங்க ஸ்பாட்டர்னுதான் சொல்லுவாங்க, நீங்க ஸ்ப்ளாட்டர்னா திருத்துவாங்க. ஸ்ப்ளாஷும் ஸ்பாட்டரும் கலந்து பொறந்ததுதான் ஸ்ப்ளாட்டர்னு ஒரு கருத்து உண்டு, காதுக்கும் அப்படித்தான் கேக்குது. சொசைட்டிக்கு மொபெட்ல பால் கேன் கொண்டு போறப்ப உள்ளுக்குள்ளயே தளும்புது பாருங்க, அது ஸ்லாஷ் (slosh), அதைக் கொண்டாந்து இதுல கொழப்பிக்காதீங்க.

பயன்படுத்தறதுல ஒரு விசயம் கவனிக்கோணும். இங்கிலீஷ்காரன் 'மட் ஸ்ப்ளாட்டர்டு ஆன் மை ஷர்ட்'னும் சொல்லுவான், 'மை ஷர்ட் வாஸ் ஸ்ப்ளாட்டர்டு வித் மட்'னும் சொல்லுவான், தெறிச்ச சேறும் எழுவாயா வரும், வாங்கிக்கிட்ட சட்டையும் வரும். ரெண்டாவத அப்படியே தமிழ்ல 'சட்டை தெறிச்சுருச்சு'ன்னு எழுதுனீங்கன்னா பட்டன் பிச்சுக்கிட்டுப் போச்சுன்னுதான் நெனைப்பாங்க. அதே மாதிரி மேட்ச்ல ஒருத்தன் தெறிக்க விட்டான்னு பசங்க சொல்றதுக்கெல்லாம் ஸ்ப்ளாட்டர் போட்றாதீங்க, ஆள நசுக்கிப்போட்ட மாதிரி ஆயிரும்.

நம்ம பேச்சுல இதுக்கு வினைச்சொல்லே தேவைப்படறதில்லீங்க. மழை நாள்ல பஸ்சு பள்ளத்துல எறங்கி அடிச்சுட்டுப் போனா, ஊட்டுக்கு வந்து "சட்டையெல்லாம் ஒரே சேறு"ன்னு நிக்கறோம், துவைக்கறவங்களுக்கு அதுவே போதும்.