கறிபுலே எந்த மொழி? தமிழ் வகுப்புக் கேள்வி பதில்

மொரீஷியஸ் பள்ளிகளில் தமிழ் சொல்லித் தருபவர்களின் கேள்விகளுக்கு, வகுப்பறையிலேயே தலை நரைத்த ஓர் ஆசிரியையின் பதில்கள்.

ரோஸ்ஹில் ஆசிரியை: பிள்ளையை மையமாக வைத்து நடத்தச் சொல்கிறார்கள், அம்மா. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் நாட்டுப் பேச்சுமொழி) மட்டும் பேசும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் வராதே?

வராது என்று யார் சொன்னது? ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு பீர்க்கங்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை. மேசையில் போட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். 'கறிபுலே', 'பிப்பங்காய்', 'பிரேட் முரும்' என்று பிள்ளைகளே கிரியோலில் கத்துவார்கள். அதைக் கரும்பலகையில் இடப்பக்கம் எழுதி, எதிரே நம் பெயரை எழுதுங்கள். இரண்டையும் சத்தமாகப் படிக்கட்டும். என் வகுப்பில் ஒரு பையன், "அப்ப நான் இவ்வளவு நாளாத் தமிழா பேசினேன்?" என்று கிரியோலில் கேட்டான். அன்றைக்கு அதற்கு மேல் நான் எதையும் நடத்தவில்லை.

வக்வா ஆசிரியர்: கேள்வி கேட்டால் வகுப்பே ஊமையாகிவிடுகிறது.

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் பொறுத்தார்கள். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசின. நம் பிள்ளை கிரியோலில் யோசித்துத் தமிழுக்கு மாற்றவேண்டும், 5 கொடுங்கள். நான் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணுவேன். மூன்றாவது விரலிலேயே நமக்கு நாக்கு அரிக்கும்.

கியூர்பிப் ஆசிரியை: குழுவாக உட்காரவைத்தால் ஒருத்தி எழுதுகிறாள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

எல்லாரிடமும் ஒரே தாளைக் கொடுத்தால் அப்படித்தான். 1971இல் டெக்சஸில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். காவடிப் பாடமா? ஒருத்திக்கு விரதம், ஒருவனுக்குக் காவடி கட்டுவது, இன்னொருத்திக்குக் காவடி விருந்தின் ஏழு கறி. அடுத்தவரைக் கேட்காமல் பாடம் முழுமையாகாது.

போர்லூயி அப்பா ஒருவர்: ஆறாம் வகுப்புப் பரீட்சை இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் நானும் பழைய வினாத்தாளைத்தான் எடுப்பேன். வருடம் முழுக்க அதையே எடுப்பதுதான் தப்பு.

ரோஸ்ஹில் ஆசிரியை மறுபடியும்: பெரிய பிள்ளைகளுக்குக் காய்கறி எடுபடுமா?

எடுபடாது. நம் நாட்டு ரூபாய் நோட்டைக் கொடுங்கள், அதில் தமிழ் இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழின் இடத்தை மாற்றியதும் எதிர்ப்புக் கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கதையைக் கேட்டு வரட்டும். கிரியோலில் கேட்டு வந்தாலும் பரவாயில்லை.