பிங் பதில் சொல்கிறது, பேக்கப் நகரவில்லையே!

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை பில்லிங் பேக்கப்பை தினமும் இரவு 1 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் நிரல்) போட்டு, எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் நிரல்) மூலம் இன்னொரு லினக்ஸ் சர்வருக்கு அனுப்புகிறோம். சில நாள் காலையில் பார்த்தால் நேற்று கிளம்பியது, முந்தாநாள் கிளம்பியது எல்லாம் முடியாமல் அப்படியே நிற்கின்றன. லாகில் எர்ரர் இல்லை. அந்த சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்தால் பதில் வருகிறது. என்ன கோளாறு?
— ஈரோடு வாசகர்

பதில்: பிங்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பதில் சொல்வது அந்த சர்வரின் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). உங்கள் ஃபைலை வாங்கி எழுத வேண்டியது டிஸ்க். டிஸ்க் திணறி நின்றுபோனாலும் கெர்னல் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நம்பி உங்கள் பக்கத்து டிசிபியும் (டேட்டா போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெட்வொர்க் அடுக்கு) இணைப்பை அறுக்காமல் காத்திருக்கும். அந்த சர்வர் கரன்ட் போய் அணைந்திருந்தால்கூடத் தேவலை. அனுப்பிய டேட்டாவுக்கு ஒப்புகை வராததால் லினக்ஸே சுமார் 15 நிமிடத்தில் கைவிட்டு எர்ரர் கொடுத்துவிடும்.

பலரும் எஸ்எஸ்ஹெச்சில் சர்வர்அலைவ்இன்டர்வல் 15, கவுன்ட்மேக்ஸ் 3 (15 வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேள், மூன்று முறை பதில் இல்லையென்றால் இணைப்பை அறு) என்று போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நெட்வொர்க் செத்தால் 45 வினாடியில் தெரிந்துவிடும், அதனால் அதுவும் வேண்டும். ஆனால் டிஸ்க் மட்டும் நின்றால் எஸ்எஸ்ஹெச்டி (அந்த சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரல்) உயிரோடுதான் இருக்கும், கேட்டதற்குப் பதிலும் சொல்லும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைப் பிடிப்பது ஆர்சிங்கின் சொந்த டைம்அவுட். நீங்கள் எதுவும் போடாவிட்டால் அது 0, அதாவது எத்தனை நாளானாலும் காத்திருக்கும். 300 வினாடி கொடுங்கள். பெரிய ஃபைல்களைச் சரிபார்க்கவே நேரம் பிடிக்கும் என்பதால் 30, 60 என்று இறுக்க வேண்டாம். அவ்வளவு நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் எக்ஸிட் கோட் 30 (டைம்அவுட் ஆனதைச் சொல்லும் எண்) உடன் வெளியே வந்துவிடும். பார்ஷியல் ஆப்ஷனும் சேர்த்தால், பாதி போன ஃபைல் அழியாது. அடுத்த முறை அதை வைத்தே வேலை தொடரும்.

முந்தாநாளையது நிற்கும்போதே நேற்றையதும் கிளம்பியது கிரானின் குணம். பழையது முடிந்ததா என்று அது பார்க்காது. கட்டளைக்கு முன்னால் எஃப்லாக் (பழையது ஓடும்போது புதியதை ஓடவிடாத பூட்டு) போட்டுவிடுங்கள்.

தோற்றால் உடனே மறுபடி முட்ட வேண்டாம். திணறும் டிஸ்க்கை மேலும் திணறடிப்பீர்கள். 5 நிமிடம், 10, 20 என்று இடைவெளியை இரட்டித்து மூன்று முறை முயன்று, அப்புறம் உங்களுக்கு மெயில் வரட்டும். காலை 8 மணிக்கு, பேக்கப் போய்ச் சேரும் சர்வரிலேயே கடைசி ஃபைலின் தேதியைப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கட்டாயம் வையுங்கள். அனுப்பும் பக்கத்து லாகை மட்டும் நம்பினால் போதாது.