மோட்டார் கேள்வி பதில்: ஜப்பான் வண்டி ஆசையும் இரண்டு தேதிகளும்

ஐயா, எனக்கு 26 வயது. நிசான் ஸ்கைலைன் ஆர்34 என்றால் பள்ளிக்கூட நாளிலிருந்தே உயிர். இறக்குமதி வண்டிகள் மட்டுமே விற்கும் ஒரு டீலரிடம் 2001 மாடல் இருக்கிறதாம், நம்ம நாட்டு ஆர்.சி. புக்கோடு, நம்பர் பிளேட்டோடு. 10 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். அப்பா நிலத்தின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் பணம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? — ஒரு வாசகர், மன்னார்குடி

தம்பி, இந்த ஒரு கேள்விக்கே இந்த வாரப் பக்கம் முழுவதையும் கொடுக்கலாம். நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: நான் இன்னும் எழுதப்போவதைப் பார்த்து முடிக்கும் வரை ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், அது தயாராகி 3 வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், இன்னும் குறைந்தது 5 வருடமாவது ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் இறங்க வேண்டும், இறங்கின பிறகு நம்ம நாட்டுச் சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஜப்பானிலும் வலது பக்க ஸ்டியரிங்தான், அதனால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வயதில்தான். ஆர்34-இன் உச்ச மாடலான ஜி.டி.ஆர். 1999 ஜனவரியில் வெளிவந்து 2002-இல் நின்றுபோன வண்டி. அப்படியென்றால் கடைசியாக வந்த வண்டியையும் 2005-க்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். உங்கள் 2001 மாடலுக்கு 2004-தான் எல்லை. டீலரிடம் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு தேதிகள்: வண்டி தயாரான மாதமும் வருடமும், மும்பையில் சுங்கம் கட்டின தேதி. இரண்டுக்கும் நடுவில் 3 வருடத்துக்கு மேல் இருந்தால், அந்த வண்டி வந்த வழி சரியில்லை. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

"ஆர்.சி. இருக்கே" என்பார். ஆர்.சி. என்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுப்பது, இறக்குமதி முறையாக நடந்ததற்குச் சான்று சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள். முறைகேடாக வந்த வண்டியைச் சுங்கத்துறை எத்தனை கை மாறியிருந்தாலும் பறிமுதல் செய்யலாம், நீங்கள் நம்பி வாங்கினீர்கள் என்பதால் வண்டி சுத்தமாகிவிடாது. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை நடத்திய 'நும்கோர்' சோதனை நினைவிருக்கும். பூட்டான் வழியாக உள்ளே வந்து, இங்கே பதிவு செய்து ஓட்டப்பட்டவை என்ற சந்தேகத்தில் வண்டிகளைப் பிடித்தார்கள். அதில் லேண்ட் க்ரூசர், நிசான் பேட்ரோல் எல்லாம் இருந்தன. எல்லாமே நம்பர் பிளேட் போட்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள்தான்.

அடுத்தது சேசிஸ் நம்பர். ஜப்பானில் உள்நாட்டில் விற்பதற்காகச் செய்த கார்களுக்கு நம்ம ஊர் மாதிரி 17 இலக்க எண் கிடையாது. ஆர்34 ஜி.டி.ஆர். என்றால் பி.என்.ஆர்.34 என்று ஆரம்பித்து ஒரு கோடு, அப்புறம் ஆறு இலக்கம், அவ்வளவுதான். டொயோட்டா சுப்ரா என்றால் ஜே.இசட்.ஏ.80, மாஸ்டா ஆர்.எக்ஸ்.7 என்றால் எஃப்.டி.3.எஸ். ஆர்.சி.யில் 17 இலக்க எண் அச்சடித்திருந்து வண்டி மட்டும் ஜப்பான் உள்நாட்டு வண்டி என்றால், வேறு ஏதோ ஒரு காரின் காகிதத்தை இந்த வண்டிக்கு மாட்டியிருக்கிறார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிநேகிதர் தன் மகனுக்காக, ஒரு மா நஞ்சையை விற்ற பணத்தில் 5 லட்சத்தை முன்பணமாக ஒரு டீலரிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டார். பக்கத்து மாநிலத்தில் ஊருக்கு வெளியே ஒரு குடோன். தார்ப்பாயை இழுத்ததும் நீல நிறத்தில் நின்றது ஆர்34, பையனுக்குப் பேச்சே வரவில்லை. எனக்கும் நெஞ்சு படபடத்தது, பொய் சொல்லவில்லை. பானட்டைத் தூக்கி, என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் நம்பரைத் தேடினேன். எட்டு இலக்கம் வரை ஒரே உயரத்தில் இருந்த எழுத்து அதற்குப் பிறகு அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தால், நம்பரைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய மேடு தட்டியது. வெட்டி எடுத்து வேறு தகட்டை வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆர்.சி. எங்கோ தூரத்து மலை மாநிலத்தில் எடுத்தது. "என்.ஓ.சி. பத்து நாளில் வந்துடும் சார்" என்றார்கள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம், அந்த 5 லட்சம் வரவே இல்லை. ரசீது கூட வெறும் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததுதான். அந்த மா நிலத்தில் இன்று வேறொருவர் நாற்று நடுகிறார், பஸ்ஸில் அந்த வழியே போகும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

நல்ல டீலர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். நல்ல டீலர் பில் ஆஃப் என்ட்ரி நகலை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுப்பார், அந்த எண்ணையும் தேதியையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் போட்டுப் பாருங்கள் என்று அவரே சொல்வார். வண்டியை நீங்கள் கூட்டிவருகிற மெக்கானிக் லிப்ட்டில் ஏற்றிப் பார்க்க விடுவார். ஜப்பான் ஏல வண்டி என்றால் ஏலத் தாளின் நகலும் அவரிடம் இருக்கும். அந்தத் தாளில் 4, 4.5 என்று மதிப்பெண் இருந்தால் நல்ல வண்டி, 'ஆர்' என்று போட்டிருந்தால் அடிபட்டுச் சரிசெய்தது. பணத்தைப் பேங்க் வழியாக, ஒப்பந்தத்தில் சேசிஸ் நம்பரை எழுதி, காகிதம் சரியில்லை என்றால் திருப்பித் தர வேண்டும் என்ற வரியோடு வாங்குவார். இதில் ஒன்றுக்கு முகம் சுளித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அப்படியானால் 3 வருடத்துக்குள் இருக்கிற ஜப்பான் வண்டியை முறைப்படி கொண்டுவந்தால் எவ்வளவு ஆகும்? — கும்பகோணம் வாசகர்

பழைய கார் என்றால் அடிப்படைச் சுங்க வரி ரொம்ப நாளாக 125 சதவீதம், சர்சார்ஜ் சேர்த்து 137.5. 2025 பட்ஜெட்டில் அதை 70 ஆக்கினார்கள், ஆனால் விவசாயக் கட்டமைப்பு செஸ் என்று தனியாகச் சேர்த்ததால் மொத்தச் சுமை முன்பு இருந்த அளவிலேயே, அதாவது 137.5 சதவீதத்தில் நிற்கிறது. அதற்கு மேல் பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 30 லட்சத்துக்கு வந்து இறங்குகிற வண்டி சுங்கம் கட்டினதும் 71 லட்சம், ஜி.எஸ்.டி. கட்டினதும் ஏறக்குறைய 1 கோடி. அப்புறம் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வாழ்நாள் சாலை வரி. ஒருவர் "எல்லாம் சேர்த்து 40 லட்சம்" என்று சொன்னால் இதில் எந்த வரியைக் கட்டவில்லை என்று கேளுங்கள்.

என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சபுராளி. அங்கே 10 வருடம் ஆனால் கார் உரிமம் முடிந்துவிடும், நல்ல சுபாரு சும்மா போகும் விலைக்குக் கிடைக்கும் என்கிறான். ஊர் திரும்பும்போது எடுத்துவரலாமா? — கூத்தாநல்லூர் வாசகர்

முடியாது. 10 வருட வண்டி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், 3 வருட விதியிலேயே நின்றுவிடும். அண்ணன் சேர்த்த காசை அண்ணனிடமே இருக்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டில் ஜப்பான் கார்கள் நிறைய. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் ஏற்ற வழி உண்டா? — வேதாரண்யம் வாசகர்

அது 2023 அக்டோபரில் தொடங்கின பயணிகள் கப்பல், கார் ஏற்றுவதற்கானது இல்லை. ஏற்றினாலும் பழைய வண்டி மும்பையில்தான் இறங்க வேண்டும், நாகை கணக்கிலேயே இல்லை. இலங்கையிலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பிப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் அங்கே பழைய கார் விலை எப்படி ஏறியது என்று உறவுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வம்பே வேண்டாம், இங்கே முறையாக விற்ற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்னென்ன கிடைக்கும்? நம்ம ரோட்டுக்குத் தாங்குமா? — பாபநாசம் வாசகர்

இப்படிக் கேட்டால்தான் எனக்குச் சந்தோஷம். நிசான் ஜி.டி.ஆர். ஆர்35-ஐ நிசான் கம்பெனியே 2016 டிசம்பரில் இந்தியாவில் 1 கோடியே 99 லட்சத்துக்கு அறிமுகப்படுத்தியது. 3.8 லிட்டர், இரட்டை டர்போ, 570 குதிரைத்திறன். 2025 ஆகஸ்டில் ஜப்பானில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது, அதனால் கையில் வைத்திருப்பவர்கள் எளிதில் விடமாட்டார்கள். நிசான் 370இசட், மிட்சுபிஷி லேன்சர் இவல்யூஷன் எக்ஸ் இரண்டும் முறையாக விற்கப்பட்டவை. பட்ஜெட் சின்னது என்றால் 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கைத் தேடுங்கள். 106 குதிரைத்திறன்தான், ஆனால் எடை குறைவு, நல்லபடியாக வைத்திருந்த வண்டி இன்றும் சீறும். நம்ம திருவள்ளூரில் செய்த லேன்சரும் இருக்கிறது. இவற்றுக்குக் காகிதம் சுத்தம், பார்ட்ஸும் தேடினால் கிடைக்கும்.

ரோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். தஞ்சாவூர் – திருச்சி நாலுவழியில் எந்த வண்டியும் ஓடும். அதிலிருந்து இறங்கி வாய்க்கால் பாலம் ஏறும்போதுதான் தெரியும், முன் பம்பர் முதலில் தட்டும். அறுவடை நாளில் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள், அது அவர்கள் வருடச் சாப்பாடு, ஒதுங்கி மெதுவாகத்தான் போக வேண்டும். போன தை மாதம் ஒரு டர்போ வண்டி என் பட்டறைக்கு 'சூடு ஏறுது' என்று வந்தது. முன் பம்பரைக் கழற்றினால், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரின் அலுமினிய இதழ்களுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூசும் பாய் மாதிரிப் படிந்திருந்தது. ப்ரெஷ் போட்டால் இதழ் மடங்கும், அதனால் பின்பக்கமிருந்து காற்றடித்து, அழுத்தம் குறைத்துத் தண்ணீர் விட்டு எடுத்தோம், இரண்டு மணி நேரம் ஆனது. டெல்டாவில் டர்போ வைத்திருப்பவர்கள் குறுவை முடிந்ததும் ஒருமுறை, சம்பா முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள். நாகை, வேளாங்கண்ணி பக்கம் இருப்பவர்கள் அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று சஸ்பென்ஷன் போல்ட்டில்தான் முதலில் வேலையைக் காட்டும்.

பெட்ரோல் இன்னொரு விஷயம். ஜப்பானில் இந்த டர்போ என்ஜின்கள் 100 ஆக்டேன் பெட்ரோலுக்குத் தயாரானவை. நமக்கு அது பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் மட்டும் கிடைக்கிறது. குறைந்த ஆக்டேனைப் போட்டுவிட்டு டர்போவை முழுசாக முடுக்கினால் என்ஜின் தட்டும், அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் போகும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களை அது மெல்ல மெல்லக் கெடுக்கும். வண்டி வாங்கின வாரமே பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றிவிடுங்கள்.

ஜப்பான் என்ஜினை மட்டும் வாங்கி என் பழைய எஸ்டீமில் உட்காரவைத்தால்? — திருவாரூர் வாசகர்

முன் அனுமதி இல்லாமல் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். பிரேக் அந்த எஸ்டீமுக்கு உண்டான பிரேக்தான் என்பதை மறக்காதீர்கள், அதுதான் எனக்கு உண்மையான பயம்.

பழைய டாட்சன் 240இசட் மேல் ஆசை. அதற்கும் இதே 3 வருட விதிதானா? — திருவையாறு வாசகர்

இல்லை. 50 வயதைத் தாண்டின வண்டிகளுக்கு வேறு வழி திறந்திருக்கிறது. டாட்சன் 240இசட் 1969-இல் வந்தது, முதல் ஸ்கைலைன் ஜி.டி.ஆரும் அதே வருடம்தான், இரண்டுக்கும் 50 முடிந்துவிட்டது. 2021-இல் வந்த விதிப்படி இவை விண்டேஜ் வண்டியாகப் பதிவாகும். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினமும் சந்தைக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான தேவைக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். வரி இதற்கும் உண்டு, அதனால் ஜப்பானில் விலை பேசும் முன் மும்பையில் ஒரு சுங்க ஏஜென்டிடம் எழுத்தில் கணக்கு வாங்கிவிடுங்கள். வாங்கினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், திருவையாறு வந்து பார்க்கிறேன்.