கைக்கோடரியும் வீச்சுவலையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை மொட்டைமாடியில் நண்பர்களோடு ஆடுவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் எங்கள் வழக்கை உங்களிடம் கொண்டுவருகிறேன். மஞ்சக்குப்பத்தில் ஐந்து பேர் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். 2014ஆம் ஆண்டு விதிநூல்தான் எங்களுக்கு. எங்கள் குழுவின் போர்வீரன் வில்வித்தைப் பாணியை எடுத்தவன். கைக்கோடரியை எறிந்துவிட்டு, "தூரத்திலிருந்துதானே அடித்தேன், பகடையில் 2 கூட்டுங்கள்" என்கிறான். ஆட்டத்தை நடத்தும் அண்ணன் முடியாது என்கிறார். அவன் ஒரே முறையில் இரண்டு ஈட்டிகளை எறிய வந்தபோது, இரண்டாவதை உருவ முடியாது என்றும் தடுத்துவிட்டார். இதில் என் சொந்தக் குறையும் ஒன்று உண்டு. நான் வலை வீசும் மீனவப் பெண்ணாக ஆடுகிறேன். எட்டு முறை வீசியும் ஒன்றும் சிக்கவில்லை. யார் பக்கம் நியாயம்?

ஆர்., கடலூர்

அன்புள்ள ஆர்.,

கோடரி வழக்கில் அண்ணன் பக்கம்தான் தீர்ப்பு. அந்தப் பாணியின் விதி, தொலைவு ஆயுதத்தால் தாக்கினால் 2 கூட்டு என்கிறது. தொலைவிலிருந்து தாக்கினால் என்று சொல்லவில்லை. ஆயுதம் என்பது பொருள், தாக்குதல் என்பது செயல். கைக்கோடரி, விதிநூலின் ஆயுதப் பட்டியலில் கைச்சண்டை ஆயுதங்களோடு இருக்கிறது. எறிந்தால் செயல் மாறும், பொருள் மாறாது. அதனால்தான் எறியும்போதும் அதற்கு உடல் பலத்தையே கணக்கில் எடுக்கிறோம்.

இதைத் தமிழில் சொன்னால் சண்டையே வராதே என்றுதான் முதலில் நினைத்தேன். நாம் அம்பை எய்கிறோம், வேலை எறிகிறோம். அம்பை எறிந்தான் என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். எய்வதற்கு 2 உண்டு, எறிவதற்கு இல்லை என்று இரண்டு வினைச்சொற்களில் முடித்துவிடலாம் என்று எழுதத் தொடங்கினேன். பட்டியலை மறுபடி புரட்டியபோது டார்ட் குறுக்கே வந்தது. கையால் எறிகிற சின்ன முள்தான் அது. ஆனால் கவணோடும் குறுவில்லோடும் சேர்த்து அதைத் தொலைவு ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் நண்பன் டார்ட் எறிந்தால் 2 கிடைக்கும், கோடரி எறிந்தால் கிடைக்காது. எறிவதற்கென்றே செய்த பொருளா, வெட்டவும் எறியவும் ஆன பொருளா என்பதுதான் விதிநூல் போட்டிருக்கும் கோடு. என் இலக்கணம் அங்கே உதவவில்லை. டார்ட் பட்டால் சேதத்துக்கு நான்கு முகப் பகடை, கோடரிக்கு ஆறு முகம். பெரிய நஷ்டம் என்று அவன் அழத் தேவையில்லை.

வாசகத்தைத் தன் வசதிக்கு நீட்டுவதில் அவன் நம் ஊர் மரபைத்தான் பின்பற்றுகிறான். 1690இல் உங்கள் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடம் ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் அதோடு சேர்த்தி என்பது பேச்சு. மதராஸிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பி, முடிந்த மட்டும் தூரமாகப் போகும்படி சுடச் சொன்னார்கள். கடலூரும் சுற்றுக் கிராமங்களும் வீச்சுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. அன்றைக்கு உங்கள் அண்ணனைப் போல ஒருவர் அங்கே இல்லாமல் போனார்.

ஈட்டி விஷயத்திலும் அவர் சொல்வது எழுத்துப்படி சரி. ஒரு முறையில் ஒரு பொருளை மட்டுமே செலவில்லாமல் எடுக்கலாம். ஈட்டியைக் கையில் பிடித்தபடியே சண்டைக்குள் போனால் முதல் சுற்றில் இரண்டும் போகும். கையில் இருப்பதை எறிந்து, ஒன்றை உருவி, அதையும் எறியலாம். அடுத்த சுற்றில் கை வெறுமை, ஒன்றோடு சரி. வில்லாளி மட்டும் தூணியிலிருந்து எத்தனை அம்பு வேண்டுமானாலும் உருவிக்கொள்வான், அது எய்வதோடு சேர்ந்த வேலை என்று விதி இருக்கிறது. இந்தப் பாரபட்சம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. எழுதியவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 2020இல் எறிபவர்களுக்கென்று தனிப் பாணி கொண்டுவந்து, எறிவதோடு சேர்த்தே உருவிக்கொள்ளலாம் என்றார்கள். 2024 விதிநூலில் அந்தச் சலுகை எல்லோருக்கும் வந்துவிட்டது. பழைய நூலை வைத்து ஆடினாலும் இந்த ஒன்றை மட்டும் புதியதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். நான் கேட்டதாகவும் சொல்லுங்கள்.

உங்கள் வலைக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் அதுதான். 2014 நூலில் வலையின் வீச்சு 5 அடி, நீட்டினால் 15 அடி. எதிரி 5 அடிக்குள் நின்றால், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தொலைவுத் தாக்குதல் செய்வதால் பாதகம். அவன் 5 அடியைத் தாண்டினால், நீட்டிய வீச்சு என்பதால் பாதகம். எதிரி செயலற்றுக் கிடந்தாலோ உங்களைப் பார்க்க முடியாமல் இருந்தாலோ தவிர, எங்கே நின்று வீசினாலும் இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் எட்டு வீச்சும் வீணானதில் வியப்பில்லை.

கெடிலம் ஆற்றின் கழிமுகத்தில் காலை நேரம் போய்ப் பாருங்கள். இடுப்பளவு நீரில் நிற்பவர் வலையில் ஒரு பாதியை முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வார். உடம்பை ஒரு திருப்பு திருப்பி, பல்லை விடும் நொடியில் ஈயக்குண்டுகள் விரிந்து வட்டமாக விழும். மீனுக்கு நேராகக் குறிபார்த்து அவர் வீசுவதில்லை. வட்டத்துக்குள் இருப்பது வெளியே ஓட முடிகிறதா என்பதுதான் கேள்வி. 2024 நூல் இதைப் பிடித்துவிட்டது. வலையை ஆயுதப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 15 அடிக்குள் வீசுகிறீர்கள், தப்பிக்க எதிரிதான் பகடை உருட்ட வேண்டும், உருட்டுவது லாவகத்தை வைத்து.

இதையும் அண்ணனிடம் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் ஒன்பதாவது வீச்சில் என்ன சிக்கியது என்று எழுதுங்கள்.