வடிவத்தை ஈனுவது கணினி, கழிப்பது யார்? (கேள்வி பதில்)

கேள்வி (தருமபுரி, இயந்திரவியல் மாணவி): ஐயா, பரிணாம அல்காரிதமே சிறந்த வடிவத்தைக் கண்டுபிடித்துவிடும் என்றால், பொறியாளருக்கு அங்கே என்ன வேலை?

பதில்: இந்த முறையில் கணினி ஒரு கூட்டம் வடிவங்களை உருவாக்கி, மோசமானவற்றைக் கழித்து, நல்லவற்றைக் கலந்தும் மாற்றியும் அடுத்த தலைமுறையை ஈனுகிறது; இப்படியே தொடர்கிறது. எது சிறந்தது என்று அதற்குச் சொல்வதுதான் பொறியாளரின் வேலை. 2006-இல் நாசாவின் எஸ்.டி.5 செயற்கைக்கோள்களில் பறந்த ஆண்டெனா, தாறுமாறாக வளைத்த கம்பி போலிருக்கும். அது பரிணாம முறையில் பிறந்தது. ஆனால் எந்த அலைவரிசையில், எந்தத் திசைகளில் அது இயங்க வேண்டும் என்று வகுத்தவர்கள் பொறியாளர்களே.

கேள்வி (ஓசூர், பட்டறை உரிமையாளர்): எடை குறைய வேண்டுமென்று ஒரு பிராக்கெட்டின் (தாங்கியின்) வடிவத்தை இந்த அல்காரிதத்தில் ஓடவிட்டோம். வந்த வடிவத்தைப் பார்த்து எங்கள் வெல்டர் சிரித்துவிட்டார்.

பதில்: ஏன் சிரித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெல்டிங் டார்ச் நுழைய இடமில்லை, மெல்லிய தகடு சூட்டில் கோணிக்கொள்ளும் என்பார். நீங்கள் நிபந்தனையாகக் கொடுக்காதவரை, அல்காரிதத்துக்கு இவை குறையே அல்ல. எடையோடு விறைப்பையும் தனி இலக்காக வையுங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மய் தேவும் குழுவினரும் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ-2 போன்ற முறை, ஒரே விடைக்குப் பதிலாக, ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் விடைகளின் வரிசையையே தரும். அதில் எதை எடுப்பது என்பதை உங்கள் வெல்டரோடு அமர்ந்து முடிவு செய்யலாம்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மாங்கூழ் இயந்திரம் செய்பவர்): ஒவ்வொரு வடிவத்துக்கும் நானே மதிப்பெண் போடலாமா?

பதில்: போடலாம், அதற்கு ஊடாடும் பரிணாமக் கணிப்பு என்று பெயர். ஆனால் கண் சலித்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர் ஹிதேயுகி தகாகி 2001-இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பிலேயே இந்தச் சோர்வுதான் பெரிய சிக்கலாகப் பேசப்படுகிறது. பத்து, இருபது தலைமுறைக்கு மேல் மனிதரால் தாங்க முடிவதில்லை. ஆகவே அழுத்தம், எடை, விலை ஆகியவற்றைக் கணினியிடமே விட்டுவிட்டு, அது சலித்துத் தரும் பத்துப் பன்னிரண்டை மட்டும் பாருங்கள். மதிப்பெண்ணுக்குப் பதில், இரண்டிரண்டாக வைத்து எது மேல் என்று சொல்வது எளிது. பார்த்த வடிவத்தையே இடையில் மறுபடியும் காட்டச் செய்தால், உங்கள் தீர்ப்பு நிலையாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பெங்களூரா மாம்பழத்தின் நார் சல்லடையின் எந்த மூலையில் சிக்கும் என்பது சீசனில் இரவு ஷிப்டில் கழுவுகிறவருக்குத்தான் தெரியும். திரைமுன் அவரையும் உட்கார வையுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): மனிதர் கை வைத்தால் பழைய வடிவத்துக்கே இழுத்துவிட மாட்டாரா?

பதில்: இழுப்பார். நானும் இழுத்திருக்கிறேன், விநோதமாகத் தெரிந்ததை மூன்றாம் தலைமுறையிலேயே கழித்துவிட்டு, பிறகு தேடியிருக்கிறேன். இப்போது வடிவங்களின் கூட்டத்தில் கால்பங்கை யாரும் தொடாமல் தனியே வளரவிட்டு, கடைசியில்தான் திறந்து பார்க்கிறேன்.