பாதத்தில் சூடும் குளிரும் வைத்துச் சோதிப்பது எதற்காக?

கேள்வி: நீரிழிவு உள்ள எனக்கு இரண்டு ஆண்டுகளாகப் பாதங்கள் எரிகின்றன, இரவில் போர்வை பட்டாலே தாங்க முடிவதில்லை. நரம்பு மின்கடத்தல் சோதனையில் குறை ஏதும் இல்லை என்றார்கள். இப்போது பாதத்தில் சூடும் குளிரும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். கால் சுட்டுவிடாதா? என் வலி உண்மையென்று அது காட்டுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சுட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஏறத்தாழ 3 செ.மீ. சதுரமான ஒரு தகட்டைப் பாதத்தின் மேற்புறத்தில் பொருத்துவார்கள். தோலின் இயல்பான வெப்பத்தை ஒட்டிய 32 டிகிரி செல்சியஸில் தொடங்கி, பொதுவாக வினாடிக்கு 1 டிகிரி வீதம் அது ஏறும் அல்லது இறங்கும். வெதுவெதுப்பு முதலில் தெரியும் கணத்திலும், பிந்தைய சுற்றில் அது வலியாக மாறும் கணத்திலும், கையிலுள்ள பொத்தானை நீங்கள் அழுத்தினால், தகடு உடனே பழைய நிலைக்குத் திரும்பும். அழுத்தாவிட்டாலும் வழக்கமாக 50 டிகிரிக்கு மேல் ஏறாதபடியும் 0 டிகிரிக்குக் கீழே இறங்காதபடியும் கருவிக்கு வரம்பு வைத்திருப்பார்கள். போர்வை உரசுவதே வலிக்கிறது என்பதைச் சோதனை செய்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பஞ்சாலும் மென்தூரிகையாலும் வருடி அதையும் தனியாகப் பதிவு செய்வார்கள்.

மின்கடத்தல் சோதனை தொடுகை, அதிர்வு, தசை இயக்கம் ஆகியவற்றுக்கான பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. குளிரையும் வெதுவெதுப்பையும் எரிச்சலையும் கொண்டுசெல்பவை மெல்லிய இழைகள். நீரிழிவில் அவை முன்னதாகவே பழுதடையக்கூடும். ஆகவே அந்த முடிவு சரியாக இருந்தும் உங்கள் பாதம் எரிவதில் முரண் எதுவுமில்லை. அந்த ஒரு காகிதத்தைக் காட்டி ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டார் யாரேனும் சொன்னால், அது பெருந்தவறு.

ஆனால் புதிய சோதனையும் வலிக்குச் சான்றிதழ் தராது. பொத்தானை அழுத்துவது நீங்கள் என்பதால், கவனம், களைப்பு, அச்சம் எல்லாமே விடையை மாற்றும். பழுது பாதத்திலா, தண்டுவடத்திலா, மூளையிலா என்பதையும் அது பிரித்துக் காட்டாது. உங்கள் வயதினரின் அளவுகளோடு ஒப்பிட்டு, உணர்வு மங்கியுள்ளதா, மிகுந்துள்ளதா என்பதை மட்டும் சொல்லும். தேவைப்பட்டால் கணுக்காலுக்கு மேல் சிறு தோல்துணுக்கு எடுத்து மெல்லிய இழைகளை எண்ணிப் பார்ப்பதும் உண்டு.

அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற நரம்புவலி மாத்திரைகளை எடுத்துவந்தால், அவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பட்டியலை மட்டும் கொண்டுசெல்லுங்கள். முதலில் கையில் ஓர் ஒத்திகை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாங்கிக்கொண்டு பொறுமையைக் காட்ட வேண்டாம். வலி தொடங்கிய உடனே அழுத்துங்கள்.

சூட்டுணர்வு மங்கியுள்ளது எனத் தெரியவந்தால், எரியும் பாதமே தீக்காயத்தை உணராமல் போகும் என்பதே எனக்குப் பெருங்கவலை. தைப்பூசக் காவடியின்போது கோடை வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதையும், தீமிதியையும் தவிர்த்துவிடுங்கள். வேண்டுதலை வேறு எவ்வகையில் நிறைவேற்றலாம் என்று கோயிலில் கேளுங்கள். குளிக்கும் நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்; வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்க வேண்டாம்.